மாடு ஏன் பாலை அடக்குகிறது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கினோம். அங்கே கறந்து காட்டியபோது நன்றாகத்தான் கறந்தது. எங்கள் தொழுவத்துக்கு வந்ததும் ஒரு லிட்டரோடு நின்றுவிடுகிறது. கண்ணு பட்டுவிட்டது, கயிறு மந்திரித்துக் கட்டு என்கிறார் மாமியார். ஏமாந்துவிட்டோமா?"

பெரும்பாலும் இல்லை. பால் மடிக்குள்தான் இருக்கும். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேல் கறக்கத் தயாராக நிற்கும். மீதி திராட்சைக் குலை போன்ற நுண்ணறைகளில் தங்கியிருக்கும். எவ்வளவு இழுத்தாலும் வராது, மாடாக விட வேண்டும். நம் ஆட்கள் 'சுரப்பு விடுதல்' என்பது இதைத்தான்.

அதற்கான ஆணை மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. நமக்கு அது பட்டாணி அளவு, எடை அரை கிராம். தைராய்டை ஏவுவது, வளர்ச்சி, பாலை ஊறவைக்கும் புரோலாக்டின் எல்லாம் அதன் முன்பகுதி வேலை, பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது பின்பகுதி. அது சொந்தமாக எதையும் தயாரிப்பதில்லை! மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உள்ள நரம்புச் செல்கள் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் செய்து, தங்கள் நீண்ட வால் நுனியில் சேர்த்து வைக்கின்றன. அந்த நுனிகள் வந்து முடியும் இடம்தான் பின்பகுதி. கன்று மடியை முட்டினால் சேதி நரம்பு வழியே மூளைக்கு ஏறும், ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்கும். நுண்ணறைகளைக் கூடை போலச் சுற்றியிருக்கும் செல்கள் சுருங்கிப் பாலைப் பிழியும். ஒரு நிமிஷத்தில் காம்பு விம்மிவிடும். பழகிய மாட்டுக்கு வாளிச் சத்தமே போதும். கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்துகிறார்களே, அது இந்தச் சேதிக்காகத்தான்.

1941இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரு அமெரிக்கர்கள் மடியின் ஒரு பாதிக்கு வரும் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். அந்தப் பாதியும் கூடவே சுரப்பு விட்டது. ஆக, ஆணை வருவது ரத்தத்தில். அப்புறம் மாட்டை மிரட்ட முதுகில் பூனையை ஏற்றி, பத்து நொடிக்கொரு காகிதப் பையை வெடித்தார்கள். மாடு பாலை அடக்கிக்கொண்டது. பிறகு பூனை தேவையில்லை என்று விட்டுவிட்டார்களாம். இன்று நம் ஊரில் இதற்குப் பணம் கேட்டால் நிதிக் குழு சிரித்தே அனுப்பிவிடும்.

மிரண்ட மாட்டின் உடலில் ஊறும் அட்ரினலின் என்ற ஹார்மோன் மடியின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புது இடமென்றால் ஆக்சிடோசின் வெளியே வருவதே தடைபடும். உங்கள் மாடு லாரியில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்தது. புதுக் கை, புதுக் குரல். கொஞ்ச நாள் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கறக்கட்டும். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துத் தொடங்கி, ஏழெட்டு நிமிஷத்துக்குள் முடித்துவிடுங்கள். ரத்தத்தில் ஆக்சிடோசின் அதிக நேரம் தங்காது. தினமும் ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கறக்கும் வழக்கத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

மாமியாரின் கயிறா? சரி, கட்டிக்கொள்ளட்டும். ஆனால் மந்திரிப்பவர் கறவை நேரத்தில் உடுக்கையோடு தொழுவத்துக்குள் வர வேண்டாம். காகிதப் பைக்கே பால் நின்ற பிராணி அது.