கம்பெனி ஓவியத்தின் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்

பழைய தாள் ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். கொஞ்ச நாள் முன்பு ஒருவர், தாத்தா காலத்துப் படம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காகத் தஞ்சாவூரில் வரைந்த வகை (அதனால்தான் இவற்றுக்குக் கம்பெனி ஓவியம் என்று பெயர்), கணவனும் மனைவியும் தொழிற்கருவியோடு நிற்கிறார்கள். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று கடையில் நாலு பக்கமும் வெட்டி, ப்ளைவுட்டில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கீழ் விளிம்பில் மையால் எழுதிய எழுத்துகளின் மேல்பாதி மட்டும் மிச்சம். என்ன எழுதியிருந்தது என்று இனி யாராலும் படிக்க முடியாது.

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் இந்த ஓவியங்களில் முகம் இருக்கும், பெயர் பெரும்பாலும் இருக்காது. வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஊருக்கு எடுத்துப்போக, இன்ன சாதி, இன்ன தொழில் என்று வரிசையாக வரையச் சொல்லி வாங்கினார்கள். வரைந்தவர் யார், நின்றவர் யார் என்று குறித்து வைத்தவர்கள் குறைவு. குறித்திருந்தால் அது ஓரத்திலோ பின்பக்கத்திலோதான் இருக்கும். கல்கத்தாவில் அன்றைய தலைமை நீதிபதியின் மனைவி இம்பே சீமாட்டிக்காகப் பறவைகளை வரைந்தவர் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன் என்று இன்று நமக்குத் தெரிகிறதே, அது படத்திலேயே அவர் பெயரும் ஊரும் எழுதியிருப்பதால்தான். டெல்லிப் பக்கம் 1815 முதல் 1819 வரை வில்லியம், ஜேம்ஸ் ஃப்ரேசர் என்ற வெள்ளைக்காரச் சகோதரர்கள் வரையவைத்த உருவப்படங்களிலும் பல கிராமத்து மனிதர்கள் பெயரோடு நிற்கிறார்கள், அந்தக் குறிப்புகளை வெட்டிவிட்டால் அவர்களும் வெறும் 'விவசாயி', 'சிப்பாய்' ஆகிவிடுவார்கள்.

அப்புறம் தாள். இவற்றில் நிறைய, இங்கிலாந்திலிருந்து வந்த தாளில் வரைந்தவை. பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம் காட்டினால் 'வாட்மன்' போன்ற ஆலைப் பெயரும், 1794-க்குப் பிந்தைய தாள் என்றால் பல நேரம் தயாரித்த ஆண்டும் நீர்க்குறியாக, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதிந்த அடையாளமாகத் தெரியும். அந்த ஆண்டுக்கு முன்னால் படம் வரையப்பட்டிருக்க முடியாது, அவ்வளவு உறுதியான சான்று வேறு எளிதில் கிடைக்காது. ப்ளைவுட்டில் ஒட்டிவிட்டால் அதுவும் போச்சு.

திருச்சியில் காக்காப்பொன் (மைக்கா) தகட்டில் வரைந்த சின்னப் படங்கள் இன்னும் மென்மையானவை. தகடு நிறத்தை உறிஞ்சாது, நிறம் மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தால் முகமே துணியோடு வந்துவிடும். லேமினேஷன், செலோடேப் எதுவும் கூடாது. அமிலமில்லாத அட்டைக்கு நடுவில் படுக்கவைத்து, வெயில் படாமல் வையுங்கள்.

படத்தை பிரேம் கடைக்குக் கொடுக்கும்முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் போட்டோ எடுங்கள். படத்துக்கு ஏற்ற அளவில் பிரேம் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் நீங்களே உரிக்காதீர்கள், நீராவியும் காட்டாதீர்கள், அப்படியே தாள் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். வெட்டிய துண்டுகள் கடையில் கிடக்கிறதா என்று ஒருமுறை கேட்டு, கிடைத்தால் அதையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள்.