புகைபோக்கியை மட்டும் பார்த்தால் போதாது

ஆலைகளில் வாயுக்கசிவை அளப்பது என் தொழில். சுற்றியுள்ள ஊர்க்காரர்களிடம் பேசினால் எல்லாரும் கை நீட்டிக் காட்டுவது புகைபோக்கியைத்தான். கவனிக்க வேண்டியதுதான். ஆனால் பென்சீன் போல எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருள்கள் என்றால் எனக்குக் கவலை தருபவை தரையோடு இருப்பவை: வால்வு, குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச், பம்ப் சீல், டேங்க் மூடி, கழிவுநீர்த் தொட்டி. ஒரு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இப்படிப் பல்லாயிரம் இணைப்புகள் இருக்கும். கருவியை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோய் அளந்தால்தான் கசிவு தெரியும், கண்ணுக்குத் தெரியாது. உயரத்தில் வெளியாகும் புகை பரவி நீர்த்துப்போக வாய்ப்பு உண்டு. இதுவோ மூக்கு மட்டத்திலேயே வேலியைத் தாண்டுகிறது.

சரி, மொத்தத்தில் நச்சு உமிழ்வு குறைகிறதா? இதைச் சொல்ல நீண்டகாலக் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் அது இருக்கிறது; அதற்குக் காரணம் நம் போபால். 1984 டிசம்பரில் அங்கே நடந்ததற்குப் பிறகு, 1985 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவில் அதே யூனியன் கார்பைடின் ஆலையிலும் கசிவு. மறு ஆண்டே சட்டம் வந்தது. எந்த ஆலை எந்த வேதிப்பொருளை எவ்வளவு வெளியேற்றியது என்று 1987 முதலான விவரத்தை அங்கே யாரும் பார்க்கலாம்.

அந்தக் கணக்கில் காற்றுக்குப் போகும் எடை வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு மின்நிலையங்களுடையது: நிலக்கரி குறைந்தது, புகையைக் கழுவும் கருவிகள் வந்தன, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் இறங்கின. நல்ல செய்திதான். ஆனால் எடை வேறு, நஞ்சு வேறு. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் எத்திலீன் ஆக்சைடு எடைக்கணக்கில் மிகச் சிறியது. அதன் புற்றுநோய் அபாயம் முன்பு நினைத்ததைவிடப் பல மடங்கு என்று 2016-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. இன்னொன்று, இவையெல்லாம் ஆலைகளே தரும் கணக்குகள். பல எண்கள் அளந்தவை அல்ல, மதிப்பிட்டவை.

அதனால்தான் வேலியோரம் அளப்பதை நான் அதிகம் நம்புகிறேன். 2015-ல் வந்த விதிப்படி அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் வேலியைச் சுற்றிச் சிறு குழாய்களை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, பென்சீனை அளக்க வேண்டும். வேலியோர அளவுகளில் மிக அதிகமானதற்கும் மிகக் குறைவானதற்கும் உள்ள வித்தியாசம், ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் கசிவைத் தேடி அடைக்க வேண்டும்.

ஆலைவாரியாக, வேதிப்பொருள்வாரியாக அப்படியொரு பொதுப் பட்டியல் இந்தியாவில் இல்லை. காற்றில் பென்சீன் ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009 முதல் நமக்கு வரம்பு உண்டு. ஆனால் செல்போனில் பார்க்கிறோமே, காற்றுத் தரக் குறியீடு, அது கணக்கில் எடுக்கும் 8 மாசுகளில் பென்சீன் கிடையாது. ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அடுத்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இரண்டைக் கேளுங்கள்: வேலியோரத்தில் பென்சீன் எவ்வளவு? கடைசியாக இணைப்புகளில் கசிவு பார்த்தது எப்போது, எத்தனை அடைக்கப்பட்டன? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.