சாவியைத் திருப்பாதீர்கள்: நின்றுபோன அம்பாசடருக்குள் நடப்பது என்ன?

தாத்தா காலத்து அம்பாசடர் பல வருடமாகக் கார் ஷெட்டில் நிற்கிறது. திடீரென்று ஒருநாள் வீட்டில் யாருக்காவது ஆசை வரும். புது பேட்டரி வாங்கி மாட்டி, உடனே செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். நன்றாக இருந்த எஞ்சின்கள் பல பாழாவது அந்தச் சில விநாடிகளில்தான். இத்தனை வருடம் சும்மா நின்றபோது ஆகாத சேதம் அப்போது ஆகிவிடும்.

ஏன் என்று புரிய, சிலிண்டருக்குள் பார்க்க வேண்டும். அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். பிளாக்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளும் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். வண்டி ஓடும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருந்துகொண்டே இருக்கும். நிறுத்திவிட்டால் அது மெதுவாக வடிந்து கீழே போய்விடும். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்துதான் இருக்கும். திறந்தது எக்ஸாஸ்ட் வால்வு என்றால் சைலன்சர் வழியாக ஈரக் காற்று நேராக உள்ளே வரும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர் என்றால் உப்பும் கூடவே வரும். ரிங் சுவரைத் தொடும் இடத்தில் துரு பிடித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று சிலிண்டர் பளபளவென்றும் ஒன்று மட்டும் செம்மண் நிறத்திலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த நிலையில் செல்ஃப் மோட்டார் முழு பலத்தோடு இழுத்தால் ஒட்டிய ரிங் உடையலாம், சுவரில் கோடு விழலாம். வால்வு தன் குழாயில் இறுகியிருந்தால் அதைத் தள்ளும் புஷ் ராடு வளைந்துவிடும்.

அதனால் முதல் வேலை, நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும்) ஆயிலை ஊற்றிவிட்டுச் சும்மா இருப்பது. அதில் சோப்பு போல அழுக்கைக் கரைக்கும் ரசாயனங்கள் உண்டு. அது துருவின் நுண்ணிய இடுக்குகளில் இறங்க நாட்கள் ஆகும், அவசரப்படுத்த வழியே இல்லை. அப்புறம் முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாக அசைக்க வேண்டும். ஹேண்டில் இல்லையா, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் போதும். கையால் செய்வதில் பெரிய நன்மை, எங்கே இடிக்கிறது என்று கைக்குத் தெரியும். மோட்டாருக்கு அது தெரியாது.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கிவிடுங்கள். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீரும் அமிலமும் அதில் கலந்திருக்கும். புது ஆயில் ஊற்றியபிறகு, பிளக் மாட்டாமலேயே செல்ஃப் அடிக்கலாம். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் இல்லாததால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும், பம்ப் ஆயிலை மேலே ஏற்றும். காய்ந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்ததை ஆயில் பிரஷர் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது.

இனி பெட்ரோல். அது ஒரே பொருள் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்ளத் தேவையானவை அவைதான். மிச்சமிருப்பவற்றில் ஒலிஃபின் வகை மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமாகின்றன. சமையலறையில் எண்ணெய்த் தூக்கின் வெளிப்பக்கம் நாளடைவில் பிசுக்குப் பிடித்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் போகிறதே, கிட்டத்தட்ட அதே வேதியியல்தான் இங்கும். கார்புரேட்டரின் மிதவை அறையைத் திறந்தால் அடியில் பழுப்பு நிறப் பிசின் காய்ந்து, மேலே வார்னிஷ் வாசனை தூக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஊசி நுனி அளவு ஜெட் துளை ஒன்று அடைபட்டாலும் பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்காது. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிப்பதே சரி.

டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். காலி இடத்தில் ஈரம் படிந்து துருச் செதில்கள் உதிர்ந்திருக்கும். கூடவே எல்லா ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள், இது செலவைப் பார்க்கிற இடம் இல்லை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊறி மென்மையாகி வெடிக்கும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே மிஞ்சாது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், புது பெட்ரோலையும் மாதக்கணக்கில் டேங்கில் விட்டு வைக்கக்கூடாது.

ஸ்பார்க் வராவிட்டால் பெரும்பாலும் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், திறந்து மூடும் பிளாட்டினம் பாயிண்ட்தான் காரணம். அதன் முகத்தில் படிந்த ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். நைஸான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தால் போதும். எலி கடித்த ஒயர்களையும் பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் தயார் என்றதும் ஒரு ரவுண்டு போகத் தோன்றும். பிரேக்கைத் திறந்து பார்க்காமல் போகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம்; பிரேக் சூட்டில் ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. அந்த ஈரம் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்கவைத்து அதன் பிஸ்டனை இறுக்கிவிடும், உள்ளிருக்கும் ரப்பர் கப்பும் கெட்டிருக்கும். அம்பாசடர் மார்க் 2 மாதிரி பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஓரிடத்தில் கசிந்தால் மொத்தமும் போய்விடும். டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் ஐந்தையும் மாற்றுங்கள், ஸ்டெப்னி உட்பட.

முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளையும் நீலமுமாகப் புகை கக்கும். சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம். தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ரேடியேட்டரில் பழுப்புத் தண்ணீர் வந்தால் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரம் ஓடி எஞ்சின் சூடாக இருக்கும்போதே, புதிதாக ஊற்றிய ஆயிலையும் இறக்கிவிடுங்கள். பல வருட அழுக்கு கரைந்து, கறுப்பாக அதில்தான் வரும்.