பூட்டு, கடிகாரம், அழிப்பு: மாங்கூழ் ஆலையின் கோப்புகளை ஷேர்பாயிண்டில் பராமரிப்பது

போச்சம்பள்ளிப் பக்கமிருந்து பெங்களூரா மாம்பழம் ஏற்றிய ஒரு வண்டி கூழ் ஆலைக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் எடைமேடைச் சீட்டு, தரம் பிரித்த குறிப்பு, கொள்முதல் ரசீது என்று மூன்று நான்கு தாள்கள் பிறந்துவிடும். பழம் கூழாகி, கிருமி நீக்கப்பட்டு, அசெப்டிக் (கிருமியற்ற) பையில் அடைபட்டு ட்ரம்முக்குள் போகும்போது பிரிக்ஸ் (இனிப்பு) அளவு, பி.எச். (புளிப்பு) அளவு, வெப்பநிலை வரைபடம், ஆய்வக அறிக்கை, ஒரு தொகுதிக் கூழின் விவரமெல்லாம் அடங்கிய பேட்ச் ஷீட் ஆகியவை சேரும். ஏற்றுமதி என்றால் கப்பல் ஆவணங்கள் தனி. அந்த ட்ரம்மை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை வைத்து விற்கிறார்கள். எனவே, எங்கோ ஒரு நாட்டில் அதைத் திறந்தவர் “இந்த பேட்ச் எத்தனை டிகிரியில் ஓடியது?” என்று கேட்கும்போது, இங்கே அடுத்த சீசனும் முடிந்திருக்கும்.

இந்தத் தாள்களில் பலவும் இப்போது ஸ்கேனாகவோ எக்செலாகவோ மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட், டீம்ஸ் போன்ற கூட்டுப்பணி மென்பொருள்களில் கிடக்கின்றன. கிடக்கின்றன என்பதுதான் சரியான சொல். ‘2023 சீசன்’, ‘2023 சீசன் புதுசு’, ‘பைனல்’, ‘பைனல் 2’ என்று ஃபோல்டர்கள் பெருகுவதற்கும் ஆவணப் பராமரிப்புக்கும் சம்பந்தமில்லை. ஒரு கோப்பு எப்போது திருத்த முடியாததாகிறது, எந்தத் தேதியிலிருந்து எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், யார் அனுமதியில் அழிகிறது ஆகிய மூன்றையும் தீர்மானித்தால்தான் அது ஆவணம். பதிவேட்டு மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 15489 தரநிலை 2001-ல் வந்தது, 2016-ல் திருத்தப்பட்டது. நம்பகத்தன்மை, முழுமை என்று அது கேட்பதெல்லாம் கடைசியில் இந்த மூன்று கேள்விகளில்தான் வந்து நிற்கும்.

நம் கலெக்டர் அலுவலகப் பதிவறைக்கு இது புதிதல்ல. அங்கே ஒரு கோப்பு முடியும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள்: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்தாண்டு, எல்.டிஸ். என்றால் ஓராண்டு. ஷேர்பாயிண்டில் ‘ரிடென்ஷன் லேபிள்’ என்று ஒட்டுவதும் அதே வேலைதான். ஆனால் பதிவறை எழுத்தர் கோப்பைப் பிரித்துப் பார்த்து வகை எழுதுவார். மென்பொருள் நாம் கொடுத்த தேதியை மட்டுமே பார்க்கும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

கோப்பு உண்மையில் எங்கே இருக்கிறது

டீம்ஸில் ஒரு சேனலில் போடும் கோப்பு, அந்தக் குழுவின் ஷேர்பாயிண்ட் தளத்திலுள்ள டாக்குமென்ட் லைப்ரரி என்ற கோப்புக் கிடங்குக்குப் போகிறது. தனிச் சாட்டில் அனுப்பும் கோப்பு அப்படிப் போவதில்லை. அனுப்பியவரின் தனிச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் உட்கார்ந்துகொள்கிறது. ஆய்வகப் பொறுப்பாளர் வெப்பநிலை வரைபடத்தை மேலாளருக்குச் சாட்டில் அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஓசூரில் வேறு வேலைக்குப் போகிறார் என்று வையுங்கள். அவருடைய கணக்கை நீக்கினால், இயல்பான அமைப்பில் ஒன்டிரைவ் 30 நாள் காத்திருந்துவிட்டு அழிப்புப் பாதைக்குப் போய்விடும். அதன்பின் 93 நாள் வரை நிர்வாகி மீட்கலாம். அந்தக் கெடுவும் தாண்டினால் சாட்டில் மிஞ்சுவது திறக்காத இணைப்பு மட்டும். அதனால் பேட்ச் சம்பந்தப்பட்ட எதுவும் சேனல் வழியாக மட்டுமே என்பதை முதல் விதியாக வையுங்கள். மென்பொருளால் இதை முழுதாகக் கட்டாயப்படுத்த முடியாது; ஆட்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லைப்ரரிக்குள் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடும் பழக்கத்தைக் குறையுங்கள். தளம், ஃபோல்டர், கோப்பின் பெயர் எல்லாம் சேர்ந்த முழுப் பாதை 400 எழுத்தைத் தாண்டக் கூடாது. தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘தர்மபுரி’ என்பது த, ர, புள்ளி, ம, ப, உகரக்குறி, ர, இகரக்குறி என எட்டுக் குறியீடு. இணைப்பில் அது 72 எழுத்து. அந்த இணைப்பை மின்னஞ்சலில் ஒட்டும்போது வரி உடைந்து பாதி அறுந்துபோவதும் உண்டு. கோப்புப் பெயரைச் சுருக்கமான எண்ணாக வைத்து, தமிழ் விவரத்தை லைப்ரரியின் விவரக் கட்டங்களில் எழுதுவதே நல்லது.

பேட்ச் ஷீட்டுக்கு ஐந்து கட்டம் போதும்: பேட்ச் எண், பழ ரகம், உற்பத்தித் தேதி, வாங்குபவர், நிலை. பத்துப் பன்னிரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கினால், இரவு ஷிப்டில் இருப்பவர் எல்லாவற்றிலும் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார்.

லைப்ரரியின் ஒரு பட்டியல் பார்வையில் (வியூ) 5,000 கோப்பு என்ற வரம்பும் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு வண்டி வந்தால் ஐம்பதே நாளில் எடைச்சீட்டு லைப்ரரி அந்த வரம்பைத் தொட்டுவிடும். கோப்புகள் போய்விடாது, வடிகட்டுவதும் வரிசைப்படுத்துவதும் பிழைச் செய்தி காட்டத் தொடங்கும். சீசனுக்கு முன்பே, லைப்ரரி காலியாக இருக்கும்போதே, தேதிக் கட்டத்துக்கும் பேட்ச் எண் கட்டத்துக்கும் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டுவிட வேண்டும். 20,000 கோப்புகளைத் தாண்டிய பிறகு போட முயன்றால் மல்லுக்கட்டுதான்.

மாவட்டம் எது?

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு தேடல் சிக்கலும் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன்பு அது தர்மபுரி மாவட்டம். தர்மபுரியும் 1965 அக்டோபர் வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. ஆலை நிலத்தின் தாய்ப் பத்திரம் 1962-ல் எழுதப்பட்டிருந்தால் அதில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். 1990-ல் எழுதிய கிரயப் பத்திரத்தில் தர்மபுரி. இன்றைய மின்கட்டண ரசீதில் கிருஷ்ணகிரி. மூன்றும் ஒரே சர்வே எண். ‘கிருஷ்ணகிரி’ என்று தேடுகிறவருக்கு மூன்றாவது மட்டும்தான் கிடைக்கும். போதாததற்கு தர்மபுரி, தருமபுரி என்று எழுத்துவழக்கே இரண்டு.

ஷேர்பாயிண்டின் ‘டெர்ம் ஸ்டோர்’ இதற்காகவே இருக்கிறது. ஒரு சொல்லை முதன்மையாக வைத்து, அதே பொருளுக்கான மற்றப் பெயர்களை அதன் கீழ் மாற்றுப்பெயராகக் கொடுக்கலாம். விவரம் பதிபவர் தருமபுரி என்று தட்டினாலும் முதன்மைச் சொல்லே பதிவாகும். நிலப் பத்திரங்களுக்கு ‘இன்றைய மாவட்டம்’ என்று ஒரு கட்டம், ‘பத்திரத்தில் உள்ள மாவட்டம்’ என்று இன்னொரு கட்டம் வைப்பது சரியான வழி. ஒன்றை அழித்து இன்றைய பெயரை மட்டும் எழுதினால், பத்திரத்தோடு ஒப்பிடுகிற வழக்கறிஞர் குழம்புவார்.

பழைய கடிதங்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்டிருந்தால் தேடல் அவற்றைத் தொடவே தொடாது. திரையில் ‘மாம்பழம்’ என்று தெரிவது கோப்புக்குள் வேறு எழுத்துகளின் கோவையாக இருக்கும். யூனிகோடு பிரதியாக மாற்றி, மூலத்தையும் பக்கத்திலேயே வையுங்கள்.

ஸ்கேன்

எடைமேடைச் சீட்டு பல இடங்களில் வெப்பத்தாளில் அச்சாகிறது. மே மாத வெயிலில் வண்டியின் கண்ணாடியோரம் இரண்டு நாள் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். அன்றன்றே ஸ்கேன் செய்ய வேண்டிய தாள் இது ஒன்றுதான். மற்றவை வாரக் கடைசி வரை காத்திருக்கலாம்.

தமிழ்த் தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வையுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 150 டிபிஐ-யில் அதற்கு மூன்று பிக்சல்கூடத் தேறாது. எழுத்தறியும் மென்பொருள் அதைத் தூசி என்று துடைத்துவிடும். 300-ல் ஐந்து பிக்சல் கிடைக்கும், புள்ளி தப்பும். ஏ4 தாள் 2,480-க்கு 3,508 பிக்சலாக வரும். கோப்பைச் சுருக்க வேண்டும் என்பதற்காக, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒன்றாக்கும் ஜேபிஐஜி2 இழப்புச் சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2013-ல் ஜெர்மனியின் டேவிட் கிரீசெல், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேனில் 6-ஐ 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார்; அதற்குக் காரணம் இந்தச் சுருக்கம்தான். எடைச்சீட்டில் 6 டன் 8 டன்னானால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேமிக்கும் வடிவம், நீண்டகாலச் சேமிப்புக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/ஏ. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைப்பதால், பத்தாண்டு கழித்து வேறு கணினியில் திறந்தாலும் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியாது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

லேபிளுக்கு இரண்டு பாகம்: எத்தனை காலம், எதிலிருந்து. கோப்பு உருவான நாள், கடைசியாகத் திருத்திய நாள், லேபிள் ஒட்டிய நாள், ஒரு நிகழ்வு நடந்த நாள் என்று நான்கு தொடக்கங்கள் உண்டு. ‘ஜிஎஸ்டிக்கு ஆறு வருஷம்’ என்று கேள்விப்பட்டு, உருவான நாளிலிருந்து ஆறாண்டு என்று அமைப்பவர்கள் அதிகம். சட்டம் சொல்வது அதுவல்ல: ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம். 2024 ஏப்ரல் 5-ல் போட்ட பில் 2024-25 நிதியாண்டுக்குரியது. அதன் கெடு 2025 டிசம்பர் 31. எனவே பில் 2031 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். மென்பொருளோ அதை 2030 ஏப்ரலிலேயே, ஏறத்தாழ இருபத்தொரு மாதம் முன்கூட்டி அழித்துவிடும். மேல்முறையீடோ விசாரணையோ நிலுவையில் இருந்தால் கெடு இன்னும் நீளும்.

ஆலை கம்பெனியாகப் பதிவானது என்றால் 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டுக் கணக்கைக் கேட்கிறது. அதே பில் 2033 மார்ச் 31 வரை போகிறது. அப்படியானால் ஒன்பதாண்டு போடலாமே என்று 365 × 9 = 3,285 நாள் என்று கொடுத்தால், இடையில் 2028, 2032 என இரண்டு லீப் ஆண்டு வருவதால் 2024 ஏப்ரல் 1-ஆம் தேதிப் பில் 2033 மார்ச் 30-லேயே காலாவதியாகிவிடும். நாள் கணக்கில் இழுபறி வேண்டாம். கணக்குப் பிரிவுக்குப் பத்தாண்டு என்று வைத்துவிடுவது நல்லது. சேமிப்பிடச் செலவு அபராதத்தைவிடக் குறைவு. பேட்ச் ஷீட்டுக்கு உணவுப் பாதுகாப்பு விதியின்படி ஓராண்டு அல்லது பொருளின் ஆயுட்காலம், இதில் எது அதிகமோ அது. வாங்குபவரின் ஒப்பந்தம் கூடுதலாகக் கேட்டால் அதுவே கணக்கு.

‘கடைசியாகத் திருத்திய நாள்’ என்பதை ஆவணங்களுக்குத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். யாராவது ஒரு விவரக் கட்டத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். உருவான நாளிலும் ஒரு பொறி உண்டு. 2012-ஆம் ஆண்டு ஸ்கேனை இன்று உலாவி வழியாக இழுத்துப் போட்டால், ஷேர்பாயிண்டுக்கு அது இன்று பிறந்த கோப்பு. மைக்ரோசாஃப்டின் இடமாற்றக் கருவி வழியாக ஏற்றினால் கோப்பின் பழைய தேதிகள் அப்படியே வரும். லேபிளை வெளியிட்ட அன்றே அது லைப்ரரியில் தெரியவில்லை என்றும் பதற வேண்டாம். ஏழு நாள் வரை ஆகலாம். தானாக லேபிள் ஒட்டும் வசதிகளுக்குப் பெரும்பாலும் மேல்நிலை உரிமம் தேவை என்பதையும் வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

பூட்டு

பேட்ச் ஷீட்டில் தரக்கட்டுப்பாட்டாளர் கையெழுத்திட்ட கணம்தான் பூட்ட வேண்டிய கணம். லேபிளை ‘ரெக்கார்ட்’ வகையாக அமைத்தால், அதற்குப் பிறகு கோப்பின் உள்ளடக்கத்தைத் திருத்த முடியாது, அழிக்கவும் முடியாது. ‘ரெகுலேட்டரி ரெக்கார்ட்’ என்று ஒரு கடுமையான வகையும் இருக்கிறது. அதை ஒட்டிவிட்டால் நிர்வாகியே நினைத்தாலும் அகற்ற முடியாது. தவறான கோப்பில் ஒட்டினால் அந்தத் தவறும் காலம் முடியும்வரை கூடவே இருக்கும். மாங்கூழ் ஆலைக்கு அது அவசியமில்லை என்பதே எங்கள் கருத்து.

பூட்டுவதற்கு முன், திருத்தும்போதெல்லாம் சேரும் பதிப்புகளின் (வெர்ஷன்) எண்ணிக்கையையும் கவனியுங்கள். புதிய லைப்ரரி இயல்பாக 500 பதிப்புகள் வரை சேமிக்கும். 8 எம்பி எக்செலைத் தானியங்கிச் சேமிப்போடு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் பதிப்புகள் மளமளவென்று சேரும். ஐந்நூறும் நிறைந்தால் அந்த ஒரு கோப்பே 4 ஜிபி. வேலை நடக்கும் லைப்ரரியில் நூறு பதிப்பு போதும்.

மின்னாவணத்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியை, குறிப்பிட இடம் உண்டு. எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஒரு கோப்புக்கு 64 இலக்கக் குறி வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் குறி முழுதும் மாறிவிடும். இங்கே பலர் சறுக்குகிறார்கள். வேர்டு, எக்செல் கோப்பை ஷேர்பாயிண்டில் ஏற்றும்போது, அது விவரக் கட்டங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். யாரும் கை வைக்காமலே ஹாஷ் மாறிப்போகும். பிடிஎஃப் கோப்பை அது அப்படித் தொடுவதில்லை. ஆகவே கையெழுத்தான பேட்ச் ஷீட்டை பிடிஎஃப்/ஏ ஆக்கி, ஹாஷ் எடுத்து, அதைத் தனி விவரக் கட்டத்தில் ஒட்டி, பிறகு பூட்டுங்கள்.

அழிப்பு

காலம் முடிந்ததும் தானாக அழியட்டும் என்று விடலாம், அல்லது ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும் மறுஆய்வை வைக்கலாம். பில்களுக்கு முதல் வழி. நிலம், விவசாயி ஒப்பந்தம், வாங்குபவர் புகார் ஆகியவற்றுக்கு இரண்டாவது. வழக்கு நிலுவையில் உள்ள கோப்புக்கு ‘ஹோல்ட்’ (அழிப்புத் தடை) போட்டிருந்தால் லேபிளின் காலம் முடிந்தாலும் அது அழியாது. இரண்டு விதி மோதினால் வைத்திருக்கச் சொல்லும் விதியே வெல்லும்படிதான் மென்பொருள் கட்டப்பட்டிருக்கிறது.

பூட்டாத, லேபிள் மட்டும் உள்ள கோப்பைப் பயனர் அழித்துவிட்டால், அதன் பிரதி நிர்வாகி மட்டும் பார்க்கக்கூடிய ‘பிரிசர்வேஷன் ஹோல்ட்’ லைப்ரரிக்குப் போகும். அதுவும் சேமிப்பிடக் கணக்கில் சேரும். பழைய வீடியோக்களை அழித்தும் இடம் குறையவில்லை என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அழிந்த ரெக்கார்டுகளின் சான்றுப் பட்டியலை மென்பொருள் ஏழாண்டு வரைதான் வைத்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதை இறக்கி, பிடிஎஃப்/ஏ ஆக்கி, நிரந்தர லேபிளோடு தனி லைப்ரரியில் போட்டுவிடுங்கள்.