ராகிக்கு ஆதரவு விலை உண்டு, பெங்களூரா மாங்காய்க்கு?

மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் ராகி இருக்கிறது. மாங்காய், தக்காளி, மஞ்சள், மரவள்ளி எதுவும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் காசு புரளும் பயிர்களெல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கின்றன.

1970-ல் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது மின்கட்டண உயர்வை எதிர்த்து. அப்போதைய கோரிக்கை, செலவைக் குறை என்பது. 1980-ல் மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் தலைவர் சரத் ஜோஷி வெங்காயத்துக்காகச் சாலையை மறித்தபோது, போட்ட செலவுக்கு மேல் விலை கொடு என்று குரல் மாறியது. எது செலவு என்பதில்தான் இன்றுவரை இழுபறி. 2025-26-க்கு ராகி உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 3,257 ரூபாய். அதோடு அதில் பாதியைச் சேர்த்து ஆதரவு விலை 4,886. விதை, உரம், கூலி, குடும்ப உழைப்பு இதில் அடங்கும். சொந்த நிலத்துக்கான வாடகையும் சொந்த நிலையான முதலுக்கான வட்டியும் அடங்காது. அதையும் சேர் என்பது விவசாயச் சங்கங்களின் வாதம். 2020-21 டெல்லி போராட்டத்தால் 3 வேளாண் சட்டங்கள் ரத்தாயின. விலைக்குச் சட்ட உத்தரவாதம் வரவில்லை.

அறிவித்த விலையும் தானாகக் கைக்கு வராது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தார்ச் சாலையில் பரப்பி வண்டி ஏற்றி அடித்த ராகியில் மண்ணும் பொடிக்கல்லும் சேரும். தூற்றிச் சலிக்காமல் கொண்டுபோனால் மூட்டை திரும்பும். (சாலையில் அடிப்பது சுலபம்தான், ஆனால் மிச்சமாகும் கூலி அங்கே போய்விடும்.) அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) வேறு பயிர் பதிவாகியிருந்தாலும் இதே கதி. விதைத்த மாதமே கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிட வேண்டும்.

மாங்காய்க்கு உள்ள வழி வேறு: சந்தைத் தலையீட்டுத் திட்டம். முந்தைய இயல்பான ஆண்டைவிட விலை குறைந்தது 10 சதவீதம் சரிந்திருக்க வேண்டும். மாநில அரசு கேட்டால்தான் நடக்கும். செலவு மத்திய, மாநில அரசுகளுக்குப் பாதிக்குப் பாதி. 2025-ல் கர்நாடகம் கேட்டு, பெங்களூராவுக்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாயை அடிப்படையாக வைத்து, அதற்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத் தொகைக்கு ஒப்புதல் வாங்கியது. எனவே அரசுக்குக் கொடுக்கும் மனுவில் 'ஆதரவு விலை' என்று எழுதுவதைவிட இந்தத் திட்டத்தின் பெயரையும், இரண்டு ஆண்டு மண்டி விலையையும் எழுதுவது மேல்.

வித்தியாசத் தொகை என்று வந்தால், விற்றதற்குச் சான்று கேட்பார்கள். எடைமேடைச் சீட்டும், தேதியோடு ஆலையோ மண்டியோ தந்த பில்லும் இல்லாமல் ரொக்கத்துக்குத் தள்ளிவிட்ட காய் கணக்கில் சேராது.

தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டிருந்தால் சிக்கல் கூடுதல்: சிட்டா உடையவர் பெயரில், பில் குத்தகைதாரர் பெயரில். அரசுத் தொகை வந்தால் யாருக்கு என்று குத்தகைச் சீட்டிலேயே ஒரு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.