பூவேலைத் துணியைக் கத்தரிக்கும் முன்

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, பீரோவின் அடித்தட்டில் கிடந்த கைவேலைத் துணிகள் எரிக்கும் குவியலுக்கோ, பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரின் மூட்டைக்கோ போய்ச் சேர்வதைக் காவிரிக் கரை ஊர்களில் ஆண்டுதோறும் காண்கிறேன். மேட்டித் துணியில் சிலுவைத் தையலால் கிளியும் மயிலும் போட்ட தலையணை உறை, குரோஷா பின்னிய மேசை விரிப்பு, ஒரே முகூர்த்தத்திற்கு உடுத்திய ஆரி வேலை ரவிக்கை என எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பழைய பட்டுப்புடவை வாங்க வருபவர்கள் சரிகையில் உள்ள வெள்ளிக்கு விலை சொல்வார்கள். அதன்மேல் கையால் போட்ட பூவுக்கு அவர்கள் தராசில் எடை இல்லை. கும்பகோணத்தில் இத்தகைய துணிகளைச் சீர்செய்து தருவதைத் தொழிலாகக் கொண்ட என் அனுபவத்தில், பெரும்பாலும் முதலில் இற்றுப்போவது அடித்துணிதான். அதன்மேல் உள்ள வேலைப்பாடு இன்னும் நெடுங்காலம் தாங்கும். ஆகவே வேலைப்பாட்டைத் துண்டுபோட்டுக் கைப்பை தைப்பதைவிட, அதை முழுதாக வேறொரு துணிக்கு மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முன்பக்கம் வெளுத்திருந்தாலும் பின்பக்கத்தில் நூலின் பழைய நிறம் ஓரளவு நிலைத்திருக்கும். நூல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துணி எங்கே நைந்திருக்கிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

ஆரி வேலைக்குத் தனிக் கவனம் தேவை. கொக்கி ஊசியால் இழுத்துப் போடும் அந்தத் தையல் சங்கிலித் தையல் என்பதால், ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்து நிறுத்துகிறது. கைச்சுற்று போதவில்லை என்று ரவிக்கையை வேலைப்பாட்டின் குறுக்கே வெட்டிவிட்டால், அறுந்த நுனியிலிருந்து கண்ணிகள் வரிசையாகக் கழன்று, கோத்திருந்த மணிகளும் உடன் உதிரும். கத்தரிக்கோலை எடுக்கும் முன்பே, வெட்டப்போகும் கோட்டின் இரு பக்கமும் சாதாரண ஊசியால் நெருக்கமாகப் பின்தையல் போட்டு, நூல் நுனிகளைப் பின்பக்கத்தில் முடிந்துவிட வேண்டும். துணிப் பசை தடவினால் போதும் என்பவர்கள் உண்டு. பசை காய்ந்து விறைத்த இடத்தில் பிறகு ஊசி இறங்குவதே கடினம் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

துவைக்கும் முன், ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை ஒவ்வொரு நிறத்தின்மேலும் சிறிது நேரம் அழுத்திப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் சாயம் விட்டால் அந்தத் துணியைத் தண்ணீரில் போடவே கூடாது. கடற்கரையை ஒட்டிய நாகப்பட்டினம் பக்கத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால், கடைசி அலசலுக்குப் பிடித்துவைத்த மழைத் தண்ணீரே நல்லது. முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். கஞ்சி போடவே வேண்டாம், அது பூச்சியை அழைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டிக்குள் பூஞ்சை பிடித்திருந்தால், தை வெயில் வந்தபின் வெளியே எடுத்து, நன்கு உலரவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம்.

மாற்றித் தைப்பதற்கு, பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்த வேட்டித் துணியைவிட நல்ல அடித்துணி எனக்குத் தெரியாது. புதுத் துணியில் தைத்தால், முதல் துவைப்பிலேயே அது சுருங்கி வேலைப்பாட்டை இழுத்துச் சுருக்கிவிடும். பூவைச் சுற்றி இரண்டு விரற்கடை துணி விட்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துப் பொடித் தையலால் பொருத்தலாம். கறையோ ஓட்டையோ இருந்தால், தஞ்சாவூர், கும்பகோணம் கைவினைஞர்கள் தேரில் தொங்கவிடும் உருளை வடிவத் துணி அலங்காரங்களான தொம்பைகளில் செய்வதுபோல, வண்ணத் துணியை இலையாகவோ அன்னமாகவோ வெட்டி அதன்மேல் வைத்துத் தைப்பது அழகாகவே அமையும்.

ஓரத்தில் பெயரோ ஆண்டோ தைத்திருந்தால் தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள். அந்தத் துணி யார் கைவேலை என்பதற்குப் பல வீடுகளில் வேறு சான்றே இருக்காது. இவற்றை விற்பவர்கள், எது பழைய வேலை, எது தாம் சேர்த்தது என்பதையும், பழைய வேலையின் விலையையும் சீர்செய்த கூலியையும் சீட்டில் தனித்தனியே எழுதிக் கொடுத்தால், எதற்குப் பணம் தருகிறோம் என்று வாங்குபவருக்குத் தெரியும்.