வெள்ளைத் தாள் ஏன் சாம்பலா வருது?

டிசைன் படிக்க வந்த ஃபர்ஸ்ட் இயர்ல எங்களுக்கு ஒரு அசைன்மென்ட், வெள்ளைத் தாளை மடிச்சு மடிச்சு ஒரு மாடல் பண்ணணும், அதை போட்டோ எடுத்து பிரின்ட் போட்டு ஒட்டணும். மாடல் நல்லாவே வந்துச்சு, ரெண்டு ராத்திரி முழிச்சு பண்ணது. ஜன்னல் ஓரமா வெள்ளை சார்ட் விரிச்சு அது மேல வெச்சு எடுத்தா, தாளும் சரி சார்ட்டும் சரி, மழை வர்றதுக்கு முன்னாடி வானம் இருக்குமே அந்த நிறத்துல வருது. லென்ஸைத் துடைச்சேன், இடத்தை மாத்தினேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் பக்கத்துல கிடந்த கறுப்பு பேக்கை அதே இடத்துல வெச்சு, ஃப்ரேம் முழுக்க அதுவே வர்ற மாதிரி எடுத்துப் பாத்தேன். அதுவும் சாம்பல். ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா கிட்டத்தட்ட ஒரே நிறம்! இன்னைக்கும் யாராச்சும் கேமரா வாங்கியிருக்கேன், எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா முதல்ல இதைத்தான் செஞ்சு பாக்கச் சொல்றேன்.

கேமராக்குள்ள ஒரு லைட் மீட்டர் இருக்கு. எதிர்ல இருக்கற பொருள் மேல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம் எவ்வளவுன்னு அளக்கறதுதான் அதோட வேலை. நிழல்ல தொங்கற வெள்ளை வேட்டில இருந்தும், கொளுத்தற வெயில்ல காயற கருஞ்சாம்பல் போர்வைல இருந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம் வர முடியும். நம்ம மூளை சுத்துமுத்தும் பாத்து இது வேட்டி, இது போர்வைன்னு சொல்லிடும், மீட்டருக்கு அந்த வசதி கிடையாது, அதனால எதைக் காட்டினாலும் இது நடுத்தரச் சாம்பல்தான்னு ஒரு கணக்கு வெச்சுக்குது. கடைல கிரே கார்டுன்னு ஒரு அட்டை விப்பாங்க, அது மேல விழற வெளிச்சத்துல 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், மீட்டர் மனசுல வெச்சிருக்கற சாம்பல் ஏறக்குறைய அதுதான்னு வெச்சுக்கலாம். வெள்ளைத் தாள் 80 சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்புது. ஐயோ வெளிச்சம் ஜாஸ்தின்னு கேமரா குறைச்சிடுது. கறுப்பு பேக்குக்கு நேர் எதிரா ஏத்தி விட்டுடுது.

சரி, எவ்வளவு ஏத்தணும்? 18ஐ ரெட்டிப்பாக்கினா 36, இன்னொரு தடவை ரெட்டிப்பாக்கினா 72. ரெண்டு தடவை டபுள் பண்ணா வெள்ளைக்குப் பக்கத்துல வந்துட்டோம். இந்த ஒரு டபுளுக்குத்தான் போட்டோகிராஃபில ஸ்டாப்னு பேரு. அதனால வெள்ளைப் பொருளுக்கு பிளஸ் ஒன்றரைல இருந்து ரெண்டு ஸ்டாப் வரைக்கும், கறுப்புக்கு அதே மாதிரி மைனஸ். போன்ல எடுக்கறவங்க பொருளைத் தொட்டுட்டு பக்கத்துல வர்ற சூரியன் குறியை மேல இழுத்தா இதேதான் நடக்குது. இப்போ வர்ற கேமராவும் போனும் முகம், வானம் எல்லாம் அடையாளம் கண்டுபிடிச்சு கொஞ்சம் சரி பண்ணிக்குது, ஆனா ஃப்ரேம் முழுக்க வெள்ளையா ஒரு பொருள் இருந்தா நிறைய நேரம் ஏமாந்துதான் போகுது, நமக்கோ புராடக்ட் ஷூட்னாலே பாதி நாள் வெள்ளை மேல வெள்ளைதான்.

கேமரால இருக்கற எல்லா நம்பரும் இந்த டபுள் கணக்குலதான் ஓடுது. ஷட்டர் ஈஸி, வெளிச்சம் உள்ள வர எவ்வளவு நேரம் திறந்திருக்குங்கறதுதான், 1/60 செகண்ட், 1/125, 1/250, ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறதுல பாதி நேரம். லென்ஸ்ல வெளிச்சம் நுழையற ஓட்டை எவ்வளவு பெருசுன்னு சொல்ற எஃப் நம்பர்தான் எல்லாரையும் குழப்பும், 1.4, 2, 2.8, 4, 5.6, 8னு போகும், நிறைய பேர் மனப்பாடம் பண்ணிட்டு விட்டுடறாங்க. ஒரு கிராஃப் தாளும் காம்பஸும் எடுங்க. 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல (அந்த 50தான் ஃபோக்கல் லென்த், தூரத்துல இருந்து வர்ற வெளிச்சத்தை லென்ஸ் குவிக்கற தூரம்) எஃப் 2ன்னா ஓட்டையோட விட்டம் 50ஐ 2ஆல வகுத்து 25 மில்லிமீட்டர், எஃப் 4ன்னா 12.5. ரெண்டு வட்டத்தையும் வரைஞ்சு உள்ள இருக்கற சின்னக் கட்டங்களை எண்ணிப் பாருங்க, பெருசுல சுமார் 490, சின்னதுல சுமார் 120. விட்டம் பாதியானா பரப்பு கால்வாசி ஆயிடுது, அதாவது ரெண்டு ஸ்டாப். ஒரே ஒரு ஸ்டாப் குறைக்கணும்னா விட்டத்தை ரெண்டோட வர்க்கமூலத்தால, 1.414ஆல வகுக்கணும், அதான் 2க்கும் 4க்கும் நடுவுல 2.8 வந்து உக்காந்திருக்கு. நம்பர் பெருசானா ஓட்டை ஏன் சின்னதாகுதுங்கறதும் இதுலயே தெரிஞ்சுடும், அது வகுக்கற நம்பர்.

ஓட்டை சின்னதானா பின்னாடி இருக்கறதும் ஷார்ப்பா வரும்னு சொல்வாங்க. ஏன்? கிட்டப்பார்வை இருக்கறவங்க கண்ணாடி போடாம பஸ் போர்டைப் படிக்கறப்போ கண்ணை இடுக்குவாங்க இல்லையா, அதே விஷயம்தான். ஒரு புள்ளில இருந்து வர்ற வெளிச்சம் லென்ஸோட ஓட்டை முழுக்க நுழைஞ்சு, உள்ள கூம்பு மாதிரி குவியுது. கூம்போட நுனி சரியா, படத்தைப் பதிவு பண்ற சென்சார் மேல விழுந்தா புள்ளி புள்ளியாவே இருக்கும், முன்ன பின்ன விழுந்தா வட்டமா பரவிடும், அந்த வட்டங்கள்தான் நாம பாக்கற ப்ளர். ஓட்டையைச் சின்னதாக்கினா கூம்பு ஒல்லியாகுது, நுனி கொஞ்சம் தவறினாலும் வட்டம் பெருசாகாது. அதுக்காக எஃப் 22 வரைக்கும் போகவும் வேண்டாம், ரொம்பச் சின்ன ஓட்டைல வெளிச்சமே வளைஞ்சு பரவ ஆரம்பிச்சு படம் மொத்தமா மழுங்கிடும்.

போன் லென்ஸோட ஃபோக்கல் லென்த் வெறும் 6 மில்லிமீட்டர் மாதிரி இருக்கும், எஃப் 1.8னு பெருமையா போட்டிருந்தாலும் ஓட்டை 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதனால எல்லாமே ஷார்ப்பா வந்துடுது. போர்ட்ரெய்ட் மோட்ல வர்ற ப்ளர் பெரும்பாலும் கணக்குப் போட்டு வரையறது. எவர்சில்வர் டம்ளரை அந்த மோட்ல எடுத்துட்டு விளிம்பை ஜூம் பண்ணிப் பாருங்க, பளபளப்புல எது டம்ளர், எது பின்னணின்னு தெரியாம விளிம்பையே கடிச்சு வெச்சிருக்கும்.

ஐஎஸ்ஓ பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், படத்தை எவ்வளவு பிரகாசமாக்கிக் காட்டணும்னு கேமராக்குச் சொல்ற நம்பர் அது. அதை ஏத்தினா கேமராக்குள்ள வர்ற வெளிச்சம் ஒண்ணும் அதிகமாகாது. கோயில் திருவிழால மைக்ல ஒருத்தர் மெதுவா பேசறார்னு வால்யூமை ஏத்தினா, குரலோட சேந்து அந்த உஸ்ஸுங்கற சத்தமும் ஏறுமே, அப்படித்தான். வெளிச்சம் ஒளித்துகளாத்தான் வருது, அதுவும் மழைத்துளி மாதிரி ஒழுங்கில்லாம. ஒரு பிக்ஸல்ல 10,000 துகள் விழுந்தா ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் விழுந்ததுன்னா ஏற்ற இறக்கம் 10, 10 சதவீதம், மணல் தூவின மாதிரி தெரியும். இருட்டுல எடுத்த போட்டோ சொரசொரப்பா இருக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் வெளிச்சம் பத்தாததுதான், ஐஎஸ்ஓ மேல மட்டும் பழியைப் போட முடியாது.

ரூம் டியூப்லைட்லயும் எல்இடி பல்புலயும் எடுக்கறவங்களுக்கு இன்னொண்ணு. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால நிறைய விளக்குங்க செகண்டுக்கு 100 தடவை மினுக்குது. கேமரா வரிவரியா படிக்கறதால ஷட்டரை 1/1000னு வெச்சா படத்துல கறுப்புப் பட்டை பட்டையா விழும், 1/100 இல்ல 1/50 வெச்சீங்கன்னா போயிடும்.

அந்தத் தாள் மாடலை நான் மறுபடி எடுத்தேன். அதே ஜன்னல், விளக்கை அணைச்சாச்சு, கேமரா டிரைபாட் மேல, ஐஎஸ்ஓ 100, எஃப் 8. மீட்டர் 1/8 செகண்ட் போதும்னு சொல்லுச்சு. நான் 1/4ஐத் தாண்டி 1/2ல வெச்சேன், ரெண்டு டபுள், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வெள்ளை சார்ட்டை நிமிர்த்திப் புடிச்சுக்கிட்டு டைமர்ல அழுத்தினேன். தாள் வெள்ளையா வந்துச்சு. மடிப்போட நிழல் பக்கத்துல மட்டும் லேசா ஒரு சாம்பல் இருந்துச்சு, அதுக்குள்ள தாளோட நார் தெரிஞ்சுது, ஸ்கேல் வெச்சு நான் கீறின கோடு கூடத் தெரிஞ்சுது.